கசப்புப் பார்க்கிறவள்

"மத்தியானம் காரம் எதுவும் வேணாம். வெறும் கஞ்சி குடிச்சிட்டு வாங்க. அதுலயும் உப்பு போடாதீங்க" என்று சின்னவள் சொல்லி அனுப்பியிருந்தாள். உப்புப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, தையல்காரிக்கு இரண்டும் ஒன்றுதான். அது சின்னவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது நாக்கையும் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும், வரும் என்று தையல்காரி காத்திருந்தாள். வரவில்லை. சோறு வாயில் ஈரத் துணி மாதிரி இருந்தது. மிளகாய் எரிந்தது, ஆனால் உறைக்கவில்லை. நாற்பது வயதில் இரண்டாம் தாரமாக வந்தவள், வந்த உடனே "எனக்கு ருசி தெரியாது" என்று எப்படிச் சொல்வாள்? அண்ணன் வீட்டில் ஆயிரம் பேச்சுக் கேட்டுவிட்டு வந்தவள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாள் கடந்த பிறகு, சொல்லாததே பெரிய குற்றமாகிவிட்டது. ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டுகிற உலோகத் தொப்பியால் உப்பை அளந்து போடப் பழகிக்கொண்டாள். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

புருஷன் லாரி டிரைவர். ஓயாமல் பாக்கு மென்று மரத்துப்போன வாய் அவனுக்கு. எதைப் போட்டாலும் தின்றுவிட்டு எழுந்து போவான். பயமெல்லாம் குருவியைப் பற்றித்தான். குருவி, டிரைவரின் மூத்த தாரத்துப் பெண். எட்டு வயது. அந்த மூத்தவள் நோயில் போனபிறகு, அவளுடைய தங்கையான சின்னவள்தான் குருவியைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். டிரைவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதும் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"பொண்ணு இளைச்சுப் போனான்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன் மாமா. அப்பறம் யாரும் என்னைக் கேக்கக்கூடாது."

குருவி இளைத்துத்தான் போனாள். தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு நாள் காலை பாலை வாயில் வைத்து அப்படியே துப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடம் ஓடிப்போனாள். வெறுப்பு, வேறென்ன என்று தையல்காரி நினைத்தாள். மத்தியானம் டிரைவர் வந்து பாத்திரத்தைத் திறந்து, "பால் திரிஞ்சு கெடக்கு, பாக்கலையா" என்று கேட்டபோதுதான் குருவி துப்பியது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் குருவி ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு அம்மா செய்யிற கிழங்கு வேணும்" என்றாள். டிரைவர் வாயில் பாக்கோடு சின்னவளுக்கு ஃபோன் போட்டான். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "புது அக்காவை வரச் சொல்லுங்க. சொல்லித் தர்றேன். கிழங்கு ஆகுற அன்னைக்கே குருவி எங்க இருக்கணும்ங்கறதையும் பேசி முடிச்சிடலாம்" என்றாள்.

சின்னவள் தையல்காரியைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "எங்க அக்கா எடத்துக்கு வந்திருக்கீங்க. வேற எப்படிக் கூப்பிடுறது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்த 'அக்கா' காதில் விழும்போதெல்லாம் தையல்காரிக்கு, வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

சின்னவளின் சமையல்கட்டு வீட்டுக்குப் பின்னால், திறந்த வெளியில். நான்கு கம்பம், மேலே தகரம். ஒரு பக்கம் மட்டும் சுவர்; புகை ஏறி அது கரிப்பலகையாகிக் கிடந்தது. கல் அடுப்பு ஒன்று, அதைவிடப் பெரியதாக இன்னொன்று. தள்ளி ஒரு குழாயடி, துவைக்கிற கல், அதற்கப்பால் சாம்பல் மேடு. சாம்பல் மேட்டில் எப்போதும் நாலைந்து கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும்.

கிழங்கைச் சின்னவள் முன்னமே தோல் சீவி, வெற்றிலை கனத்துக்கு அரிந்து, கசப்பு இறங்க அண்டாவில் ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் மாற்றுகிற நாட்களிலெல்லாம் தையல்காரி போய் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அண்டாவின் பக்கம் சின்னவள் அவளை அண்டவே விடவில்லை.

"அக்கா, அங்கயே உக்காருங்க. குழாயடிகிட்ட. இங்க வர வேணாம்."

"நானும் ஒரு கை பிடிக்கிறேனே."

"பாத்தா போதும். கண்ணு இருக்குல்ல."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தையல்காரி பார்த்தாள். சின்னவள் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, கிழங்குத் துண்டுகளைக் கோணிப்பையில் அள்ளி, மேலே கல்லை ஏற்றி, மிதித்துப் பிழிந்தாள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஓடியது. கோழிகள் அந்தத் தண்ணீருக்குக் கிட்டே வரவில்லை. அது தையல்காரியின் கண்ணில் பட்டது.

"கோழி ஏன் குடிக்க மாட்டேங்குது?"

"கோழிக்கு அறிவு இருக்கு. கசப்பு இருக்கிற வரைக்கும் இது கிழங்கு இல்லக்கா, எலி மருந்து. தெரியாம தின்னா மொதல்ல உதடு மரத்துப்போகும். அப்பறம் தலை சுத்தும். அப்பறம்" என்று சொல்லிச் சின்னவள் வானத்தைக் காட்டினாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முதுகுதான் இந்தப் பக்கம் இருந்தது.

தையல்காரி அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். மாற்றாந்தாய் கையால் குழந்தைக்கு விஷம். இப்படி ஒன்று நடந்துவிட்டால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? சின்னவள் வேண்டுமென்றேதான் இந்தக் கிழங்கைப் பிடித்திருக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. பிறகு, கேட்டது குருவிதானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

இப்போது கடைசி நாள். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த குருவியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குருவி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "சித்தி" என்று கத்திக்கொண்டே ஓடிப் போய்ச் சின்னவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தையல்காரியை அவள் இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள்.

பெரிய அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி தகரத்தில் முட்டிச் சொட்டியது. சின்னவள் குருவியை உள்ளே படிக்க அனுப்பிவிட்டு, விறகைத் தள்ளிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவ சாப்பிடுறப்ப நீங்க முறைச்சுப் பாக்குறீங்களாமே."

தையல்காரி நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவதான் சொன்னா. வாயில சோத்த வெச்சா எதுக்க உக்காந்து கண்ணக் கொட்டாம பாக்குறாங்க சித்தி, பயமா இருக்கு, முழுங்க முடியலைங்குறா. எண்ணிப் பாக்குறீங்களா, எத்தன வாய் திங்குறான்னு?"

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன?"

தையல்காரி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் கேள்வியைத் திரும்ப எடுக்கவில்லை. விறகு வெடித்தது. ஒரு கோழி குழாயடி வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று.  அடிப்பதற்கு ஓங்கிய கை இறங்காமல் நிற்பது போல அந்தக் கேள்வி தலைக்கு மேலே நின்றது.

சின்னவள் எழுந்து, துணியைச் சுற்றி அண்டாவைப் பிடித்து, கொதிநீரை வடித்தாள். அகப்பையில் ஒரு துண்டை எடுத்து, குழாய்த் தண்ணீரில் ஆற வைத்து, அதை ஏந்திக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். இத்தனை நாளில் அவள் தையல்காரியைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தாங்க. பாருங்க."

இது பரீட்சை என்று தையல்காரி நினைத்தாள். சின்னவள் ஏற்கனவே பார்த்திருப்பாள், விடை அவள் கையில் இருக்கிறது, இப்போது வாயைக் கிளறுகிறாள். துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு புருவம் அசைந்தால் போதும், பிடித்துக்கொள்வாள். ஆனால் சின்னவளின் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆவியில் வெந்து சிவந்து, வியர்வை வழிய, அவளும் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"சரியா இருக்கு" என்றாள் தையல்காரி.

"கசப்பு?"

"இல்ல."

"சுத்தமா இல்லையா? அடிநாக்குல?"

"இல்ல."

சின்னவள் மூச்சை விட்டாள். பெரிய மூச்சு. தோள் இரண்டும் இறங்கின. பரீட்சை வைத்தவள் விடுகிற மூச்சாக அது இல்லையே என்று தையல்காரிக்கு உறுத்தியது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாகச் சிரித்தாள்.

"அப்பாடா. உங்கள எப்படி நம்புறதுன்னு நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல. எங்க அக்கா போனதுலேர்ந்து இந்த அடுப்புல கிழங்கு ஏறல. நாக்குக்கு ஆள் இல்ல."

"ஏன், நீங்க பாக்க மாட்டீங்களா?"

"நானா? நான் எப்படிப் பாக்குறது? இந்தத் தண்ணியிலயும் ஆவியிலயும் நாள் முழுக்க நிக்கிறேன். இதுல நிக்கிறவளுக்கு மொதல்ல எல்லாமே கசக்கும். அப்பறம் எதுவுமே கசக்காது. அதனாலதான் எங்க வீட்ல எப்பவும் ரெண்டு பேர். தண்ணி மாத்துறவ ஒருத்தி, கசப்புப் பாக்குறவ ஒருத்தி. பாக்குறவ அண்டா கிட்ட வரக்கூடாது, காரம் திங்கக்கூடாது. நான் தண்ணிக்காரி. அக்காதான் நாக்கு." அகப்பையை உதறிக்கொண்டே சொன்னாள். "நீங்க சரின்னு சொல்லிட்டீங்கல்ல. இனிமே கண்ண மூடிட்டு எறக்கலாம்."



குழாயடியில் உட்கார வைத்தது, கை வைக்க விடாதது, உப்பில்லாக் கஞ்சி, எல்லாம் சேர்ந்து ஒரே நிமிஷத்தில் தையல்காரிக்குப் புரிந்தது. அவமானப்படுத்தவில்லை. சின்னவள் தன் அக்காவின் இடத்தைக் கொடுத்திருக்கிறாள். அக்கா என்று கூப்பிட்டதும் அதற்குத்தான். தனக்குப் பின்னால் இன்னொரு நாக்கு இருக்கிறது என்று நம்பித்தான் தையல்காரி பொய் சொன்னாள். பின்னால் யாருமே இல்லை.

சின்னவள் கிழங்கை மரத் துடுப்பால் மசித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றினாள். உப்பு, மிளகாய். தையல்காரி எழுந்து தகரத்துக்குக் கீழே போனாள். இப்போது யாரும் தடுக்கவில்லை.

"இன்னொரு தண்ணி வெச்சு வடிச்சிடலாமா?"

"ஏன்? சரியா இருக்குன்னீங்களே."

"எதுக்கும் ஒரு தடவ."

"இன்னொரு தண்ணி வெச்சா பசையாயிடும். செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்." சின்னவளுக்கு இப்போது பேச்சு தாராளமாக வந்தது. "பயப்படாதீங்கக்கா. மொதத் தடவ எங்க அக்காவுக்கும் கை நடுங்குச்சு. ஆமா, துப்பினீங்களே, எங்க துப்பினீங்க? தண்ணிய ஊத்தி விடுங்க. கோழி வந்து கொத்திடப் போகுது."

"துப்பல."

துடுப்பு நின்றது.

"முழுங்கிட்டேன்" என்றாள் தையல்காரி.

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "முழுங்கினீங்களா? யாராவது முழுங்குவாங்களா? நுனி நாக்குல வெச்சு, பாத்து, துப்பி, வாயக் கொப்பளிக்கணும். கசந்திருந்தா என்ன ஆவுறது?" கொஞ்சம் நிறுத்தினாள். "தப்பு என் மேலதான், சொல்லாம விட்டுட்டேன். சரி, கசக்கலல்ல. போகட்டும்."

போகட்டும் என்று சொன்னாலும் அவள் கண் போகவில்லை. தையல்காரியின் உதட்டிலேயே நின்றது. பிறகு குருவியைக் கூப்பிட்டாள்.

குருவி தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா இருந்தபோது வாங்கிய தட்டு, விளிம்பில் பூப்போட்டது. சித்தி வீட்டிலேயே அதை விட்டு வைத்திருந்தாள். பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கை நீட்டி மோந்து பார்த்து, "அதே வாசனை" என்றாள். அவள் சிரித்துத் தையல்காரி பார்த்ததில்லை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்றே தெரியாது.

சின்னவள் ஒரு கரண்டி வைத்தாள். ஆவி பறந்தது. குருவி விரலால் குழி பறித்து ஆற வைத்தாள். ஊதினாள்.

இப்போது சொன்னால் குருவி இங்கேயே தங்கிவிடுவாள். நாளைக்கே துணிமணியை எடுக்க வருவார்கள். டிரைவர் என்ன சொல்வானோ தெரியாது. சொல்லாவிட்டால், ஒன்றும் ஆகாமலும் போகலாம். நன்றாகத்தானே ஊறியது, நன்றாகத்தானே பிழிந்தாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழுதடு லேசாக விறைப்பது போலிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தாள். வலித்ததா? வலித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

குருவியின் விரல் நான்கும் சேர்ந்து ஒரு உருண்டையைத் தூக்கின.

தையல்காரி குனிந்து தன் உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினாள். சூடு சுட்டது. எடுக்கவில்லை.

"திங்காத."

குருவி உருண்டையோடு உறைந்துபோய் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன இது?" என்றாள் சின்னவள்.

"எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"கசக்குதா இல்லையான்னு. எனக்கு எதுவுமே தெரியாது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து வாயில ருசி இல்ல. வாசனையும் இல்ல. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சு சொல்லிட்டேன்."

சின்னவள் குருவியின் கையிலிருந்த உருண்டையை வாங்கித் தட்டில் போட்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். நகத்துக்குள்ளேயும் துடைத்தாள்.  தையல்காரி அடி விழுந்தால் தேவலை என்று நின்றாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இத்தன மாசமா என் பொண்ணு யாரு நாக்க நம்பித் தின்னா?" இப்போது அவள் குரலில் 'ங்க' போய்விட்டது. "பால் கெட்டிருந்தா உனக்குத் தெரியுமா? கொழம்பு ஊசிப்போனா தெரியுமா? என்ன தைரியத்துல போட்ட?"

"அவ மூஞ்சியப் பாத்துதான்" என்றாள் தையல்காரி.

"என்னது?"

"மொத வாய் வைக்கிறப்ப அவ மூஞ்சியப் பாப்பேன். சுளிச்சான்னா உப்பு ஜாஸ்தி. மெதுவா மென்னான்னா காரம். கெட்டுப்போனதா இருந்தா அவ கண்ணுலதான் எனக்கு மொதல்ல தெரியும். உடனே பிடுங்கிடலாம்னு பக்கத்துலயே உக்காந்திருப்பேன். முறைக்கல. எனக்கு வேற வழி தெரியல."

 குருவி பலகையில் உட்கார்ந்தபடியே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் தீ தணிந்து, கங்கு மட்டும் இருந்தது.

சின்னவள் குழாயடிக்குப் போய் வாயை நன்றாகக் கொப்பளித்தாள். இன்னொரு முறை கொப்பளித்தாள். வந்து அண்டாவிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். உடனே துப்பினாள். தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தண்ணியே கசக்குது. இதுல என்னத்தச் சொல்றது." தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னாள். "மாமா வந்தா ஒரு பிரயோசனமும் இல்ல. அந்த வாயில செருப்பப் போட்டாலும் நல்லாருக்கும்பாரு." பிறகு அவள் கண் குருவியின் மேல் போய் நின்றது. "எங்க அக்கா இவ வயசுலதான் பாக்க ஆரம்பிச்சா. நுனி நாக்குல தொட்டுத் துப்பினா ஒண்ணும் ஆகாது. குருவி, இங்க வாம்மா."

"வேணாம்" என்றாள் தையல்காரி.

"ஒரு துளிதான். நாள் கணக்கா உழைச்சது. நல்லா இருக்கவும் இருக்கலாம்ல?"

"இருக்கட்டும். அவ நாக்குல வைக்க வேணாம். யாரு நாக்குலயும் வைக்க வேணாம்."

சொல்லிக்கொண்டே அண்டாவை இரண்டு கையாலும் பிடித்தாள். துணி சுற்றக்கூடத் தோன்றவில்லை. இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கி, சாம்பல் மேட்டுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். பொத்தென்று விழுந்தது. தட்டில் இருந்ததையும் வழித்துப் போட்டாள். கோழிகள் ஓடி வந்தன. சின்னவள் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு விரட்டினாள். விரட்டியவள் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று, சாம்பலையும் மண்ணையும் காலால் தள்ளித் தள்ளி மூடினாள். கோழியே தின்றுவிட்டுப் போகட்டும், அப்போதாவது உண்மை தெரியும் என்று அவளும் விடவில்லை.

மூடி முடித்த பிறகுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. கட்டையைக் கீழே போட்டாள்.

"நீ முழுங்கினியே."

தையல்காரி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது. அந்த எரிச்சல் தெரிந்தது. உதடுதான் தெரியவில்லை.

சின்னவள் ஓடிப்போய் வெந்நீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்க வைத்தாள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். வெறும் கஞ்சி வந்தது, தண்ணீர் வந்தது. துண்டு வந்ததா என்று சின்னவள் குனிந்து பார்த்தாள். தெரியவில்லை. தையல்காரியின் நெற்றியைத் தன் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். 

"உதடு மரத்திருக்கா?"

"தெரியல."

"கிள்ளுறேன். தெரியுதா?"

"தெரியுது. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"தெரியல. பயத்துலயா என்னன்னு தெரியல."

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள தெரிஞ்சிடும். தலை சுத்துனா உடனே சொல்லு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிடலாம்." கொஞ்சம் கழித்து, "என் பக்கத்துல நின்னு செத்துக் கித்துத் தொலைச்சிடாத. ஊரு என்னைச் சொல்லும்" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெயில் சுவரில் ஏறி, தகரத்தின் விளிம்புக்குப் போயிற்று. சின்னவள் தையல்காரியின் உள்ளங்கைகளில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சின்ன அடுப்பில் கஞ்சி வைத்தாள். தையல்காரி தன் உடம்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காது அடைக்கிறதா, கண் மங்குகிறதா, விரல் நுனி இருக்கிறதா. ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல். அதைக் கடித்தால் எப்போதுமே அவ்வளவாகத் தெரியாது. செத்துப்போவதைவிட, குருவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சாய்ந்து விழுந்துவிடுவோமோ என்பதுதான் பயமாக இருந்தது. அந்தக் குழந்தை ஏற்கனவே ஒரு அம்மா போவதைப் பார்த்திருக்கிறது.

பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

குருவி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நீட்டவில்லை. முதலில் தான் ஒரு வாய் உறிஞ்சினாள். வாயில் வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"உப்பு போட்டிருக்கு. கம்மியா இருக்கு" என்றாள். "கெட்டுப்போகல."

பிறகுதான் கிண்ணத்தைக் கொடுத்தாள். தையல்காரியால் பிடிக்க முடியவில்லை, குருவியே பிடித்துக்கொண்டாள். குடிக்கிறவரை எதிரே நின்று முகத்தையே பார்த்தாள்.

சின்னவள் விளக்கைப் போட்டாள். தையல்காரிக்குத் தலை சுற்றவில்லை. சுற்றவில்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது.

தெருவில் லாரி ஹாரன் கேட்டது. டிரைவர் பாக்கைத் துப்பிவிட்டு, "என்ன, ஆச்சா? எனக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் வந்தான். கவிழ்த்திருந்த அண்டாவைப் பார்த்தான். துணி சுற்றிய கைகளைப் பார்த்தான். மூன்று பேரில் யாராவது பேசட்டும் என்று நின்றான்.

"கொட்டிப்போச்சு மாமா" என்றாள் சின்னவள். "மிச்சத்த வீட்ல போய் அவங்களே சொல்லுவாங்க. இன்னைக்கே சொல்லணும்." கடைசி வார்த்தையைத் தையல்காரியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் குருவியின் தலையைத் தடவினாள். "குருவி, நீ இங்கயே படுத்துக்கோ. நாளைக்கு உன் துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடலாம்."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.  தடுக்க அவளுக்கு நியாயம் இல்லை.

குருவி செருப்பைத் தேடினாள். ஒன்று குழாயடியில் கிடந்தது, ஒன்று சுவரோரம். இரண்டையும் மாட்டிக்கொண்டாள்.

"நான் போகணும் சித்தி."

"ஏன்டா?"

"காலைல பால் கெட்டிருந்தா அவங்களுக்குத் தெரியாதுல்ல."

  சின்னவள் பூப்போட்ட தட்டைக் குழாயில் தேய்த்து, தேய்த்ததையே திரும்பவும் தேய்த்து, துடைத்து, குருவியின் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலைல நான் வருவேன்" என்றாள் தையல்காரியிடம். அது மிரட்டலா, நலம் விசாரிக்கவா என்று சொல்ல முடியாத குரல்.

லாரியின் முன் சீட்டில் குருவி நடுவில் உட்கார்ந்தாள். மடியில் தட்டு. வண்டி கிளம்பியது. சாம்பல் மேட்டில் மண்ணுக்கடியில் கிடந்தது நல்லதா கெட்டதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தையல்காரி கீழுதட்டை மெல்லக் கடித்துப் பார்த்தாள். இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். குருவி அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தெருவிளக்கு வந்து வந்து போகிற வெளிச்சத்தில், கண்ணைக் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி விழுங்க முடியாமல் போகும் என்பது அப்போதுதான் தையல்காரிக்குத் தெரிந்தது. எச்சில் தொண்டையில் நின்றது. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை.